உதிர்ந்த இலை யாருக்கு உரியது?

தமிழில் ‘குப்பை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் வழங்கி வருகின்றன. நகரத்தார் வாயில் அது வேண்டாத பொருள்; வீட்டிலிருந்து எவ்வளவு விரைவில் அகற்றப்படுகிறதோ அவ்வளவு நன்று. உழவர் வாயில் அது எரு. வயலுக்கு எவ்வளவு விரைவில் வந்து சேருகிறதோ அவ்வளவு நன்று. ஒரே சொல் ஒருவரிடம் கழிவையும் மற்றவரிடம் வரவையும் குறிப்பது தற்செயலாக நேர்ந்ததென்று கொள்வதற்கில்லை. உற்பத்தியினின்றும் விலகி வாழ்பவருக்கும் உற்பத்தியில் ஈடுபட்டு வாழ்பவருக்கும் இடையிலுள்ள தூரமே அச்சொல்லிற் பதிந்து கிடக்கிறது. அண்மைக் காலத்தில் அதற்கு மூன்றாவது பொருளொன்றும் ஏறி வருகிறது. குப்பை என்பது மூலதனம் என்பதே அப்பொருள்.

புதுக்குடியிருப்பிலும் இப்பேச்சுக் கேட்கிறது. உயர்தரப் பரீட்சை முடித்துத் தொழிலின்றி நிற்கும் இளைஞர்களைக் கூட்டி வைத்து, ‘நீங்கள் வேலை தேடுவோராக இராமல் வேலை கொடுப்போராக மாறுங்கள்’ என்று உபதேசிப்பது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. அவர்கள் முன் வைக்கப்படும் திட்டங்களுள் பசுங்கழிவைக் கூட்டெருவாக்கி விற்பதும் ஒன்று. சந்தையில் மிஞ்சும் காய்கறிக் கழிவு, குலை வெட்டிய வாழைத்தண்டு, கச்சான் கொடியும் கோதும், ஆலையடி உமி, பொச்சுமட்டை, வீதியோரத்து மரங்களில் தறித்த கொப்பு, வேலியில் வெட்டிய கிளுவைக் குழை ஆகிய யாவும் பட்டியலில் இடம்பெறும். பட்டியலின் ஈற்றில், ‘மூலப்பொருள் இலவசம்’ என்றொரு வாசகமும் இருக்கும். (இத்தகைய கூட்டங்களில் தேநீர் பிளாஸ்டிக் கோப்பைகளிற்றான் வழங்கப்படுகிறது என்பதை இங்கு பெரிதுபடுத்த வேண்டியதில்லை.)

‘மூலப்பொருள் இலவசம்’ என்ற அந்த வாசகமே நமது ஆராய்ச்சிக்கு உரியது. வணிகத்தில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒருவருக்கு இலவசமாக வருவது எங்கோ ஒருவரிடமிருந்து விலையின்றி எடுக்கப்பட்டதாகவே இருக்கும். ஆயின் பசுங்கழிவு எவரிடமிருந்து எடுக்கப்படுகிறது? உதிர்ந்த இலைக்கு உடைமையாளர் எவரேனும் உளரா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இத்தொழிலை நாம் எதிர்க்கவில்லை. இலையையும் தண்டையும் நெருப்பிலிட்டுப் புகையாக்குவதிலும், பொலித்தீன் பைகளோடு சேர்த்துப் பள்ளத்திற் கொட்டுவதிலும் அவற்றை மண்ணாக்குவது ஆயிரம் மடங்கு மேலானது. அது கடினமான வித்தையுமன்று. காபன் மிகுந்த காய்ந்த பொருளும் நைதரசன் மிகுந்த பச்சைப் பொருளும் தக்கவாறு கலந்து, காபன் முப்பது பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு என்ற அளவை ஒட்டி அமையுமாயின், ஈரமும் காற்றும் உள்ள குவியலில் நுண்ணுயிர்கள் தாமே வேலையைத் தொடங்கிவிடும். சில நாட்களில் குவியலின் நடுவே வெப்பம் 55 முதல் 65 பாகை செல்சியசு வரை ஏறும். பார்த்தீனியம் முதலான களைகளின் விதைகள் அவ்வெப்பத்தில் மடியும். வெப்பம் தணியத் தணியப் புரட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில், இட்ட பொருளின் எடையிற் பாதியளவோ அதற்குக் குறைவாகவோ கருமையான எரு கிடைக்கும். இதில் விஞ்ஞானமும் உண்டு, முதுகு வலிக்கும் உழைப்பும் உண்டு. படித்த இளைஞன் இவ்விரண்டிற்கும் அஞ்சாது இறங்குவானாயின் அவனைப் பாராட்டவே வேண்டும்.

ஆனால் அவன் இறங்கும் இடம் வெற்றிடமன்று. சந்தை முடிந்த பின் அங்கே கிடக்கும் முட்டைக்கோவா இலைகளையும் வெங்காயத்தாளையும் சாக்கிற் கட்டிக்கொண்டு போகும் பெண்களை நாம் காண்கிறோம். அவர்களது இரண்டு மூன்று ஆடுகள் அதைத் தின்றே வளர்கின்றன. போருக்குப் பின் அரச அறிக்கைகள் ‘பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்’ என்று குறிப்பிடும் குடும்பங்கள் முல்லைத்தீவு மாவட்டத்திற் பல. அக்குடும்பங்களிற் பலவற்றுக்கு ஆடு என்பது வங்கிக் கணக்குக்குச் சமம். அரிவுவெட்டு முடிந்த வயல்களில் ஊர் மாடுகள் மேய்வது தொன்றுதொட்ட வழக்கம். வயற்காரனுக்குச் சாணம், மாட்டுக்காரனுக்குத் தீவனம் என்ற எழுதாத உடன்படிக்கை அது. பட்டியடைத்தல் என்று நம்மவர் கூறும் முறையும் இத்தகையதே. பொச்சுமட்டை விறகாகிறது, கிளுவைக் கொப்பு அடுத்த வேலிக்குக் கதியாலாகிறது, உமி சூளைக்குப் போகிறது. பழைய வேலியோலையையும் குழையையும் தோட்டத்திற் புதைத்துத் தாழ்ப்பது யாழ்ப்பாணத்து உழவர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட முறை. கழிவென்று பட்டியலில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை யாரோ ஒருவரது வாழ்க்கைக்கு ஆதாரமாகவே இருந்திருக்கின்றன. அவர் அதற்குப் பற்றுச்சீட்டு வைத்திருக்கவில்லை என்பது ஒன்றே குறை.

இதற்கு விடை கூறுவோர் உளர். ‘கழிவு எவருக்கும் உரியதன்று, அதன்மேல் தன் உழைப்பைச் செலுத்தி அதைப் பயனுள்ள பொருளாக்குபவனுக்கே அது உரியது’ என்பர். இக்கூற்றை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. இதன் பின்னால் ஜோன் லொக் என்ற ஆங்கிலத் தத்துவஞானி நிற்கிறார். 1689இல் வெளிவந்த தமது அரசியல் நூலில், இயற்கையில் பொதுவாகக் கிடப்பதைத் தன் உழைப்பினால் பிரித்தெடுப்பவன் அதற்கு உரிமையுடையவனாகிறான் என்று அவர் நிறுவினார். நிலப்பிரபுவின் பரம்பரை உரிமைக்கு எதிராக உழைப்பின் உரிமையை நிலைநாட்டிய அளவில் அது முற்போக்கான கருத்தே. ஆனால் அதே பகுதியில் அவர் கூறும் எடுத்துக்காட்டு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தம் குதிரை மேய்ந்த புல்லும் தம் வேலைக்காரன் வெட்டியெடுத்த புற்கரணையும் தம்முடையவை என்கிறார் அவர். வேலைக்காரனின் உழைப்பு எசமானின் உடைமையாவது எவ்வாறென்ற வினா அங்கு எழுப்பப்படவேயில்லை. உழைப்பவனுக்கே உரிமை என்று தொடங்கிய தத்துவம், சில வரிகளுக்குள் உழைப்பை வாங்கியவனுக்கே உரிமை என்று முடிந்துவிடுகிறது. பொதுவில் வேறு எவர்க்கும் போதிய அளவு மிஞ்சியிருக்க வேண்டும் என்று லொக்கே விதித்த நிபந்தனையையும் அவரை மேற்கோள் காட்டுவோர் எளிதில் மறந்துவிடுவர்.

உதிர்ந்த பொருளின் உரிமை பற்றிய வினாவை ஐரோப்பாவில் மிகக் கூர்மையாக எழுப்பியவர் வேறொருவர். 1842இல், இருபத்துநான்கு வயது இளைஞராக இருந்த கார்ல் மார்க்ஸ், கொலோன் நகரிலிருந்து வெளிவந்த ‘ரைனிஷ் ஸைத்துங்’ என்ற நாளிதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். ரைன் மாகாணச் சட்டசபையில் நடந்த விவாதமே அவற்றின் பொருள். காட்டில் தானாக முறிந்து விழுந்த சுள்ளிகளை ஏழைகள் பொறுக்குவது அங்கு வழக்கமாக இருந்தது. மரத்துக்கு விலை ஏறியபோது, அச்சுள்ளி பொறுக்குதலையும் களவெனக் கருதித் தண்டிக்கக் காட்டுச் சொந்தக்காரர்கள் சட்டம் கோரினர். மார்க்ஸின் வாதம் எளியது. மரத்தை வெட்டுபவன் உடைமையினின்றும் ஒன்றைப் பிரிக்கிறான். சுள்ளி பொறுக்குபவன் எதையும் பிரிக்கவில்லை, ஏனெனில் அது முன்னரே மரத்தினின்றும் பிரிந்துவிட்டது, ஆகவே உடைமையினின்றும் பிரிந்துவிட்டது. இயற்கை உதறியதற்கும் சமுதாயம் உதறிய மனிதருக்கும் இடையே ஓர் உறவு உண்டென்றும், ஏழைகளின் வழக்கம் அவ்வுறவையே உரிமையாக உணர்கிறதென்றும் அவர் கண்டார். பொருளாதார நலன்களைப் பற்றிச் சிந்திக்கத் தம்மை முதன்முதலில் நிர்ப்பந்தித்தவற்றுள் இவ்விவாதமும் ஒன்றென அவர் 1859இல் எழுதினார். மூலதனத்தின் இயல்பை ஆராய்ந்த அந்தப் பேரறிவு, சுள்ளிக் கட்டொன்றைப் பார்த்தே தன் பயணத்தைத் தொடங்கிற்று என்று கூறுவது மிகையாகாது.

‘புதுக்குடியிருப்பு ரைன் மாகாணமன்று, இங்கு முட்டைக்கோவா இலை பொறுக்கியதற்காக எவரையும் சிறையிலிடப் போவதில்லை’ எனலாம். உண்மையே. ஆனால் அங்கு சட்டம் செய்ததை இங்கு விலை செய்துவிடும். சட்டம் வருவது எல்லோர்க்கும் தெரியும். விலை வருவது தெரியாது. எரு செய்பவன் சாக்கொன்றுக்கு ஐம்பது ரூபா கொடுக்கத் தொடங்கினால் வியாபாரி இலையைக் கட்டி வைப்பான். அதில் அவன்மேற் குற்றமில்லை. மறுநாள் ஆட்டுக்காரி வந்தால், ‘அக்கா, இது சொல்லி வைச்ச சாமான்’ என்பான். அவ்வளவுதான். ஒரு வார்த்தையில் வழக்கம் மறைந்து பண்டம் பிறந்துவிடும். இதனைக் கற்பனையெனக் கருதுவோர் தென்னிலங்கைத் தும்பாலைகளை எண்ணிப் பார்க்கட்டும். பொச்சிலிருந்து தும்பைப் பிரித்த பின் எஞ்சும் தூள் பல காலம் ஆலைகளின் அருகே மலைமலையாகக் குவிந்து கிடந்தது. வேண்டியவர் அள்ளிச் சென்றனர். வெளிநாட்டுப் பூந்தோட்டக்காரர்களுக்கு அது மண்ணுக்கு மாற்றாகப் பயன்படும் எனத் தெரிந்த பின், அது கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறும் ஏற்றுமதிப் பொருளாயிற்று. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது நன்றே. அள்ளிச் சென்றவரைப் பற்றி எந்த ஏற்றுமதி அறிக்கையும் பேசுவதில்லை.

உரிமையின் கதை இதுவாயின், உழைப்பின் கதை இதனினும் கசப்பானது. எருவின் பெருமை பேச வேண்டுமாயின் நம்மவர் உடனே வள்ளுவரின் உழவு அதிகாரத்தை எடுத்துக்கொள்வர். ஏரோட்டுவதிலும் எருவிடுதல் சிறந்தது என்று அவர் கூறியது மெய்தான். ஆனால் அந்த எருவைச் சுமந்தவர் யார், கூட்டி அள்ளியவர் யார் என்று மேடைகளில் எவரும் வினவுவதில்லை. எருவைப் புகழ்ந்த சமுதாயமே எருச் சுமந்தவனைத் தீண்டத்தகாதவனாக்கிற்று. இம்முரண்பாட்டை இலக்கியத்தில் காண விரும்புவோர் தகழி சிவசங்கரப்பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ நாவலைப் படிக்கலாம். மலையாளத்தில் 1947இல் வெளிவந்த அந்நாவல் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் ‘சரஸ்வதி’ வழியாகத் தமிழ் வாசகரை அடைந்தது. அதன் களம் ஆலப்புழை நகரம். அந்நகரின் மலத்தை அள்ளிய ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வாழ்வே அதன் கதை. மகன் தோட்டியாகக் கூடாது என்று ஒரு தந்தை கொண்ட வெறியும், அவ்வெறி தோற்கும் விதமும் எவர் நெஞ்சையும் உலுக்கும்.

அதே ஆலப்புழையில் பிற்காலத்தில் நடந்தது நம் கவனத்துக்கு உரியது. நகரின் குப்பை நெடுங்காலம் அயலிலுள்ள சர்வோதயபுரம் என்ற கிராமத்திற் கொட்டப்பட்டு வந்தது. நாற்றத்தையும் நோயையும் பொறுக்க மாட்டாத கிராம மக்கள் 2012இல் குப்பை லொறிகளை மறித்தனர். நகரம் தன் அழுக்கோடு தானே வாழ வேண்டிய நிலை வந்தது. அப்போது சட்டசபை உறுப்பினராக இருந்த இடதுசாரிப் பொருளியலாளர் தோமஸ் ஐசக் முதலானோர் முன்னின்று, குப்பையை ஓரிடத்திற் குவிக்காமல் அது பிறக்கும் இடத்திலேயே எருவாக்கும் இயக்கத்தைத் தொடங்கினர். வீடுகளிற் சாணவாயு அடுப்புகளும் எருத் தொட்டிகளும் அமைந்தன. வசதியற்றோர்க்கென வட்டாரங்களில் காற்றோட்டமுள்ள பொதுத் தொட்டிகள் கட்டப்பட்டன. அத்தொட்டிகளில் சாணமும் காய்ந்த இலையும் உணவுக் கழிவும் மாறி மாறி அடுக்கப்படும். முன்னர் எரித்து ஒழித்த காய்ந்த இலை அங்கு தேவைப்படும் பொருளாயிற்று. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு உலகுக்கு எடுத்துக்காட்டிய சில நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்றாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை விழுங்கியது. இறந்தவர்கள் அக்குப்பையை உண்டாக்கியவர்களல்லர். அதன் அடிவாரத்தில் குடியிருக்க நேர்ந்த வறியவர்கள்.

இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். கழிவு எங்கே போகிறது என்பது பொறியியல் வினா. அது யாருடைய வாசலுக்குப் போகிறது என்பது அறவியல் வினா. ஆலப்புழை இரண்டாவது வினாவுக்கு விடை காண நிர்ப்பந்திக்கப்பட்டபோதே முதல் வினாவுக்கும் விடை கண்டது. ஆகவே புதுக்குடியிருப்பில் எருத் தொழில் தொடங்கும் இளைஞன் தன் குவியலை எங்கே அமைக்கப் போகிறான், அழுகலைத் தரம்பிரிக்க எவரை அமர்த்தப் போகிறான் என்பவை சில்லறை விவகாரங்களல்ல. ‘இந்த வேலைக்கு அந்தப் பகுதி ஆட்கள்தான் வருவார்கள்’ என்று எவரேனும் சொல்வதை அவன் மறுப்பின்றி ஏற்பானாயின், அவன் தொழிலுக்குப் பசுமை என்ற பெயர் மட்டுமே புதிது. கையுறையும் காலணியும் சோப்பும் நாட்கூலியும் செலவுக் கணக்கில் முதலில் எழுதப்பட வேண்டியவை. இலாபக் கணக்கு அதன் பின்னரே வரும்.

மூன்றாவதாக ஒரு கடன்காரரும் உண்டு. அது மண். ஜேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக், மண் பயிருக்குக் கொடுத்ததை மனிதன் மண்ணுக்குத் திருப்பாவிடின் அது கொள்ளையே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் எச்சரித்தார். நெப்போலியப் போர்க்களங்களிற் கிடந்த எலும்புகளைக்கூட இங்கிலாந்து தோண்டியெடுத்துத் தன் வயல்களுக்கு உரமாக்குகிறது என்று அவர் சாடினார். பெருவியக் கடற்கரைத் தீவுகளிற் பறவை எச்சத்தை வெட்டியெடுக்கச் சீனத் தொழிலாளர் ஏறத்தாழ அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டதும் ஐரோப்பிய வயல்களின் பசியைத் தீர்க்கவே. மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதல் தொகுதியில், முதலாளித்துவ விவசாயத்தின் முன்னேற்றம் தொழிலாளியைக் கொள்ளையிடுவதோடு மண்ணையும் கொள்ளையிடும் கலையின் முன்னேற்றமே என்ற கருத்தை வெளியிட்டபோது லீபிக்கின் ஆராய்ச்சி அவர் மேசைமேல் இருந்தது.

இப்பெரிய கதைக்கும் நம் எரு மூட்டைக்கும் என்ன தொடர்பு எனக் கேட்கலாம். மூட்டை எங்கே போகிறது என்று பாருங்கள். நல்ல விலை தருபவன் கச்சான் பயிரிடும் சிறு விவசாயி அல்லன். பூச்சட்டி வைக்கும் நகரத்து வீட்டுக்காரனும் நாற்றுமேடைக்காரனுமே. வன்னி மண்ணில் விளைந்த இலையும் தண்டும் வன்னி மண்ணுக்குத் திரும்பாது கொழும்பு மாடியொன்றில் ரோசாச் செடிக்கு உரமாகும். மரக்கறி லொறியில் ஒரு முறை போன சத்து, எரு மூட்டையில் மறுமுறையும் போகும். இதற்குச் சுழற்சி என்று பெயர் சூட்டுவது சொல்லைக் கொல்வதாகும்.

கூட்டெருவை விஞ்ஞான முறையாக வகுத்தவர் என்று போற்றப்படும் அல்பேட் ஹோவாட், 1924 முதல் 1931 வரை மத்திய இந்தியாவின் இந்தூரில் இம்முறையை உருவாக்கினார். யஷ்வந்த் வாட் என்ற இந்தியரோடு சேர்ந்து 1931இல் நூலும் வெளியிட்டார். இந்திய உழவர்களே தமக்கு ஆசிரியர்கள் என்று ஒப்புக்கொண்ட பண்பு அவரிடம் இருந்தது. ஆயினும் ‘இந்தூர் முறை’ என்று உலகறிந்த அதன் புகழில் அந்த உழவரின் பங்கு எவ்வளவு? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் 1930களில் அது கைக்கொள்ளப்பட்டது. மலையகத்தில் அக்குவியல்களைப் புரட்டிய கைகளைப் பற்றி எந்த விவசாய நூலும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

எருவின் பெயரால் இந்நாட்டில் நடந்த ஒரு பேரழிவையும் இங்கு நினைவுகூராதிருக்க முடியாது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி வர்த்தமானி மூலம் ஒரே இரவிலெனத் தடைசெய்யப்பட்டது. மண்ணைக் காப்பதென்ற உயர்ந்த நோக்கம் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. திறைசேரியில் டொலர் வற்றியிருந்ததை அறியாதவர் இலர். கணக்கு எளியது: யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், நல்ல கூட்டெருவில் ஒன்று அல்லது இரண்டு பங்கே. 50 கிலோ யூரியா மூட்டையொன்று தரும் 23 கிலோ நைதரசனைப் பெற ஏறத்தாழ 1,500 கிலோ கூட்டெரு வேண்டும்; அதிலும் ஒரு பகுதியே அந்தப் போகத்துப் பயிருக்கு எட்டும். அத்தனை எருவுக்கு நாடு முழுவதும் இலையேது, சாணமேது, வண்டியேது? சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றி வந்த கப்பல் நோய்க்கிருமி உள்ளதெனத் திருப்பப்பட்டது. எனினும் 2022 ஜனவரியில் அந்நிறுவனத்துக்கு 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. 2021 நவம்பரில் தடை கைவிடப்படுமுன் பெரும்போகப் பயிர் வாடிவிட்டது. வன்னி வயல்களிலும் நெற்பயிர் மஞ்சளித்து நின்றதை நாம் கண்டோம். மண்ணுக்குக் கட்டளையிட முடியாது. காலத்தைக் கொடுத்தே அதனிடம் பெற முடியும். சேதனப் பசளைமேல் உழவர் கொண்டிருந்த நல்லெண்ணத்தையும் அவ்வாட்சி அழித்துச் சென்றது. இன்று எரு விற்க வருபவன் முகத்தில் அந்த நினைவும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

காலம் என்றவுடன் நிலவுரிமையின் வினா எழுகிறது. கூட்டெரு இட்ட நிலம் ஓராண்டில் முழுப்பலன் தராது; ஐந்தாறு ஆண்டு இட்டவனே அதன் அருமை அறிவான். நாளை இந்நிலம் தன்னிடம் இருக்குமோ என்று ஐயுறுபவன் ஐந்தாண்டு எருவை ஏன் இடுவான்? குத்தகைக்காரன் யூரியாவை நாடுவது அறியாமையினாலன்று, அவனது நியாயமான கணக்கினாலேயே. நம் அயலிலுள்ள கேப்பாப்புலவில், பிலக்குடியிருப்பு மக்கள் தம் சொந்தக் காணிகளை விமானப்படையிடமிருந்து மீட்க 2017 ஜனவரி இறுதியில் முகாம் வாசலில் அமர்ந்தனர். ஒரு மாதம் இரவும் பகலும் இருந்த பின்னரே, மார்ச் முதலாம் நாள் அக்காணிகள் விடுவிக்கப்பட்டன. அதன் பின்னரும் அயலில் பலரது காணிகள் மீளவில்லை. 2009இல் இப்பகுதி மண் கண்டதை இங்கு விரித்தெழுத வேண்டியதில்லை. கண்ணிவெடி அகற்றுவோர் அங்குலம் அங்குலமாகத் துழாவிய பின்னரே இதில் மண்வெட்டி இறங்கிற்று. இத்தகைய மண்ணில் ஒருவன் எரு இடுகிறான் என்றால், இங்கேயே இருக்கப் போகிறேன் என்று அவன் சொல்வதாகவே பொருள். ஆகவே மண்ணின் வளத்தைப் பற்றிப் பேசுவோர் காணி உறுதியைப் பற்றிப் பேசாதிருப்பது நேர்மையாகாது.

இவ்வளவும் கூறிய பின், ‘அப்படியாயின் இளைஞன் என் செய்வது? கைகட்டி நிற்பதா?’ என்ற வினா நியாயமானது. வடபகுதியின் அனுபவமே ஒரு வழியைக் காட்டுகிறது. கள்ளிறக்கும் தொழிலாளர் நெடுங்காலம் தவறணைக் குத்தகைக்காரரின் கீழ் அல்லற்பட்டனர். மரம் ஒருவருடையது, உயிரைப் பணயம் வைத்து ஏறுபவன் வேறொருவன், இலாபம் மூன்றாமவனுக்கு. 1970களின் தொடக்கத்தில் அத்தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி, விற்பனையைத் தொழிலாளரின் கைக்கே மாற்றின. அச்சங்கங்களில் ஊழலும் கட்சிச் சண்டையும் புகுந்ததுண்டு. போர் அவற்றைச் சிதைத்ததும் உண்டு. ஆயினும், இழிதொழில் என ஒதுக்கப்பட்டதைச் செய்தவர்கள் தம் பொருளின் விலையைத் தாமே பேசும் நிலைக்கு வந்தது சிறு மாற்றமன்று.

பசுங்கழிவையும் அவ்வாறு கருதலாம். இலை கொண்டுவருபவர் விற்பவராக மட்டும் இராது அங்கத்தவராகவும் இருக்கட்டும். அவர் கொண்டுவந்த எடை புத்தகத்திற் பதியப்படட்டும். எரு விற்ற பணத்திலோ, விரும்பினால் எருவிலோ, அவருக்குப் பங்கு கிடைக்கட்டும். விளைந்த எருவிற் கணிசமான பகுதி இவ்வூர்ச் சிறு விவசாயிகளுக்குக் குறைந்த விலையில் ஒதுக்கப்பட்ட பின்னரே வெளியூர் லொறி வரட்டும். பிரதேச சபை சந்தைக் கழிவைக் குத்தகைக்கு விடுமாயின் அதிக தொகை கேட்டவனுக்கன்றி இத்தகைய சங்கத்துக்கே விடும்படி கேட்க வேண்டும். இது புரட்சியன்று என்பதை நாம் அறிவோம். நண்பர் சிலர் இதனைச் சீர்திருத்தவாதம் என்று நகைக்கவும் கூடும். நகைப்பவர்கள் ஒருநாள் குவியலைப் புரட்டிவிட்டு வந்து நகைப்பார்களாயின் ஆட்சேபமில்லை.

ஆயினும் ஆட்டுக்காரியின் வினா இன்னும் தீரவில்லை. அவளுக்கு வேண்டியது பங்குப்பணமன்று, இன்றைக்கு இலை. சங்கத்தில் அங்கத்தவராகக் கூட்டங்களுக்கு வந்து குந்தியிருக்க அவளுக்கு நேரமில்லை. பொதுவுடைமை பேசும் சங்கமும் அவளைப் பொறுத்தவரை இன்னொரு முதலாளியாகவே தோன்றலாம். எனவே சங்கத்தின் உரிமையும் எச்சத்தின்மேலுள்ள உரிமையாகவே இருக்க வேண்டும்: ஆடு தின்னக்கூடியது ஆட்டுக்கு, அடுப்பு கேட்பது அடுப்புக்கு, அதன் பின் அழுகக் கிடப்பதே குவியலுக்கு. இதனால் குவியல் சிறுக்கும், வருமானம் குறையும். வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் இதனை எப்படி எழுதுவதென்பது ஒரு தொல்லையே.

வைக்கோலைப் பட்டியலிலிருந்து முற்றாக நீக்கிவிடுவதே முறை என்பது எமது எண்ணம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகிறது. அது மூட்டையேறி வெளியே போகாது அதே வயலுக்குத் திரும்ப வேண்டும். மாசி பங்குனியில் பெரும்போக அரிவுவெட்டு இயந்திரங்கள் இறங்கிவிடும். அவை போன கையோடு வைக்கோல் வயலில் வரிவரியாகக் கிடக்கும். மாட்டுக்காரர் வருவர், நெருப்பு வைப்பவரும் வருவர், இம்முறை விலை பேசுபவரும் வரக்கூடும். எடைப்புத்தகம் யார் கையில் இருப்பது, சந்தை முடிந்து முதல் ஒருமணி நேரம் யாருக்கு என்ற இரண்டையும் அதற்கு முன்னரே ஒரு மாலையில் சந்தைக் கட்டடத்தில் கூடி, ஆட்டுக்காரிகளையும் அழைத்து வைத்துப் பேசி எழுதிக்கொள்ள இயலும்.